பல்லுறையின் ஒட்டும் எண்ணின் மயக்கமும்

பழுதுற்ற பல்லின்மீது பீங்கானாலேனும் சிர்கோனியாவாலேனும் உறையொன்று சமைத்துக் கவித்தல் இக்காலத்துப் பெருவழக்கு. கேப் என மக்கள் கூறும் அவ்வுறையைப் பல்லோடு பிணிப்பது பலவிடத்து ரெசின் பசையின் மெல்லிய படலமேயாம். அது நெகிழின் உறை உணவோடு வயிற்றுட் செல்லும். சிற்சிலர்க்கு மூச்சுக்குழலிலும் புகுந்து இடர் விளைக்கும். ஆதலின் பசையின் பற்றுவன்மையை ஆய்வுசாலையில் அளந்து, இத்துணை மெகாபாஸ்கல் என்று ஓரெண்ணாற் கூறுகின்றனர். அவ்வெண்ணைப் பசைக்கே உரிய குணமெனக் கொள்ளுதல் பிழையென்பது எம் கருத்து. தமிழ் பயில்வார்க்குப் பல்லின் பசையில் என்ன வேலையென்று நண்பர் நகைப்பர். இடம் நோக்கியே சொல்லுக்குப் பொருள் கொள்ளக் கற்றோம். எண்ணிற்கும் அது பொருந்துமன்றோ?

அளக்கும் முறைகளுள் எளியதொன்று இது. செராமிக் வில்லையின்மீது பசையைச் சிறு தூண்போல் இறுகச் செய்து, உலோக அலகினாற் பக்கவாட்டில் அழுத்தி, தூண் பெயருங்கால் உற்ற விசையை ஒட்டிய பரப்பால் வகுப்பர். சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன் ஒரு மெகாபாஸ்கல். ஏறக்குறைய 102 கிராம் எடையின் அழுத்தம். வகுத்தற் கணக்கு, விசை பரப்பெங்கும் ஒப்பப் பரவுமெனக் கொள்கின்றது. உண்மையிலோ, அலகு படும் விளிம்பிலே அது குவிகின்றது. 1995இல் டெல்லா போனா, வான் நூர்ட் என்னும் இருவர் இதனை ஆராய்ந்து, ஒட்டு விடாதிருக்கச் செராமிக்கே உடைந்து பெயர்தலை எடுத்துக்காட்டினர். முடிச்சைச் சோதிக்கப் புக்கவன், கயிறு அற்றுவிழக் கண்டு, அதனை முடிச்சின் வன்மையென எழுதிவைத்தாற் போலும் இது! அன்றியும் ஒட்டிய பரப்புச் சிறுகச் சிறுக எண் பெருகும். சிறு பரப்பிற் குறைகளும் சிலவாதலின். பசை ஒன்றே, முறை மாற எண்ணும் மாறும்.

இதனினும் பெரியது காலம். வாயோ என்றும் ஈரமுடையது. சூடான காப்பியும் குளிர்ந்த நீரும் மாறிமாறிப் புகுமிடம். கண்ணாடிக் கூறுடைய பீங்கானை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் அரித்துச் சிலேன் பூசினால் பசை நன்கு பற்றும். சிர்கோனியாவில் அக்கூறு இன்மையின், பீங்கானுக்குப் பயன்பட்ட அம்முறை அதற்குப் பயன்படாது. 1998இல் கெர்ன், வெக்னர் என்போர் சிர்கோனியாவைப் பலவாறு ஒட்டி, 150 நாள் நீரிலிட்டு, 37,500 முறை வெம்மையும் தண்மையும் மாறி மாறி ஊட்டினர். தொடக்கத்திற் பற்றிநின்ற ஒட்டுக்கள் சில, இழுப்பாரின்றித் தாமே கழன்றன. மணற்றூள் வீசிய பரப்பில், பாஸ்பேட் சேர்மம் கலந்த பசையே நிலைத்து நின்றது. முதல்நாள் எண்ணையே கண்டு அமைந்திருப்பின் இவ்வேற்றுமை புலப்பட்டிராது. ஆகவே ஆய்வுசாலைச் சோதனை வீணென்று கூறுவாரோடும் யாம் உடன்படோம்.

தாமே கழன்ற வில்லைகளைச் சிலர் சுழியென எண்ணுவர். சிலர் கணக்கினின்றே விலக்குவர். பின்னது, தேர்வில் தோற்றவரை நீக்கிவிட்டு வகுப்பின் சராசரி கூறுதலை ஒக்கும். எத்தனை கழன்றன, எத்தனை நாள் நீரில் இருந்தன, உடைந்தது ஒட்டோ செராமிக்கோ என்னும் இவற்றை எண்ணின் அருகிலேயே அச்சிடல் வேண்டும். செதுக்கிய பல் நெடிதாயிருப்பின் அதன் வடிவமே உறையை ஓரளவு தாங்கும். தேய்ந்து குறுகிய பல்லிலோ பசையே பெருந்துணை. ஆங்கு முதல்நாள் எண்ணை நம்பி உறை கவித்தல் எமக்கு உடன்பாடன்று.