வேகமும் உஷ்ணமும்

அண்ணனூர் மின்ரயில் பணிமனையை அடுத்த தெருக்களில், அக்கினி நட்சத்திரத்து வெயில் 40 டிகிரியைத் தொடும் பகற்பொழுதில், சென்னை ரிச்சி தெருவில் வாங்கிவந்த பழைய கணினியின் பிராசசரை அதற்கு விதித்த வேகத்துக்கு மேல் முடுக்க விரும்பும் இளைஞர்கள் முதலில் சிந்திக்க வேண்டியது உஷ்ணத்தைப் பற்றியே. வேகம் ஏறும் விகிதத்திலேயே மின்செலவும் ஏறும். அவ்வேகத்தைத் தாங்கும்பொருட்டு மின்னழுத்தத்தையும் உயர்த்தினாலோ, அச்செலவு அழுத்தத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகி, அத்தனையும் உஷ்ணமாகவே வெளிப்படும். ஒரே வடிவமைப்பைச் சேர்ந்த பிராசசர்களில், ஒரே கணிப்பு மையம் கொண்ட ஒற்றைக் கோர் பொதுவாகச் சற்றுக் கூடுதலாக முடுக்கத்துக்கு இணங்கும். இரட்டைக் கோரிலோ, இரண்டில் பலவீனமானது எதுவோ அதுவே எல்லையை நிர்ணயிக்கும். ஆயினும், 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை வந்த பெண்டியம் 4ஐ 4 கிகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தும் யோசனையை இன்டெல் நிறுவனமே 2004இல் கைவிட்டு, மறு ஆண்டே இரட்டைக் கோரை வெளியிட்டது. 2006இல் வந்த இரட்டைக் கோரான கோர் 2 டுயோ, பெண்டியம் 4ஐவிடக் குறைந்த வேகத்தில் ஓடியே, அதனினும் அதிக வேலை செய்தது. ஆதலால் இவ்வூர் வெயிலில் ஒற்றைக் கோரை வருத்துவதினும், இரட்டைக் கோரை அதன் இயல்பான வேகத்தில் விட்டு, விசிறியில் அடைந்த தூசியைத் துடைத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டை மாற்றுவதே உசிதம் என்பது என் திடமான அபிப்பிராயம்.