விருந்தும் கணக்கும்

ஓசூரில் சென்ற மாதம் ஒரு விருந்து நடந்தது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதற்காக நடந்த விருந்து. அதை நடத்திய ஆறு பேரில் நானும் ஒருவன். ஆகையால் இந்தக் கட்டுரையில் நான் யாரைத் திட்டினாலும், அந்தத் திட்டில் ஆறில் ஒரு பங்கு எனக்கு உண்டு என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

டிக்கெட் 3,000 ரூபாய். 150 டிக்கெட்டுகளும் விற்றுப்போயின. தொழிற்பேட்டை முதலாளிகள், ஏற்றுமதி ரோஜாத் தோட்டக்காரர்கள், மனை விற்பவர்கள், பெங்களூரிலிருந்து காரில் வந்த சில நண்பர்கள் என்று ஊரின் முக்கியஸ்தர்கள் அத்தனை பேரும் நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டலில் கூடினார்கள். மேடை முழுவதும் ரோஜா. இன்னிசைக் குழு. சால்வைகள். சென்னையிலிருந்து ஒரு சினிமாப் பிரமுகர். சந்திரசூடேசுவரர் மலையின் விளக்கு ஜன்னல் வழியே தெரிந்தது. உள்ளே எங்கள் விளக்குகளின் பிரகாசத்துக்கு முன்னால் அது மங்கித்தான் போயிற்று.

பேசியவர்கள் எல்லோரும் ‘கொடிய நோய்’ என்றார்கள். ‘அந்த அரக்கன்’ என்றார்கள். புற்றுநோய் என்ற பெயரை அழுத்தமாகச் சொன்னவர் ஒரே ஒருவர்தான், அவர் டாக்டர். அவருக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கியிருந்தோம். நாலாவது நிமிஷத்தில் எங்கள் காரியதரிசி ஒரு சீட்டை நீட்டினார். ‘சாப்பாடு ஆறுகிறது’ என்று அதில் எழுதியிருந்தது. டாக்டர் நல்லவர், புரிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சாப்பாடு பிரமாதம். கடைசியில் வெள்ளித் தட்டில் பீடா வந்தது. பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சி அமைப்பு 2004-லேயே அறிக்கை வெளியிட்டுவிட்டது. புகையிலை சேராவிட்டாலும் அப்படித்தான். புற்றுநோய்க்கு எதிராக ஒன்றுகூடிய நாங்கள் 150 பேரும் அந்தப் பீடாவை மென்றுகொண்டே ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டோம். நான் இரண்டு போட்டுக்கொண்டேன்.

கை கழுவுகிற இடத்தில் கூட்டமாக இருந்ததால் சமையற்கட்டுப் பக்கம் போனேன். அங்கே குழாயடியில் ஒரு அம்மாள் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். இந்த எல்லைப்புறத்துக்கே உரிய தெலுங்கு வாடை வீசும் தமிழ்.

“இன்னிக்கு கல்யாணங்களா சார்?” என்று கேட்டாள்.

“இல்லேம்மா. புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்கிறோம்.”

அவள் கை நின்றது. “அந்த நோவுக்கு இங்க யாரானா பாப்பாங்களா சார்?”

“யாருக்கு?”

“சும்மா கேட்டேன்.” மறுபடியும் அண்டாவைத் தேய்த்தாள். நான் நகரவில்லை என்று கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: “எங்கக்கா அதுலதான் போனா. எனக்கும் மூணு மாசமா ஒடம்பு சரியில்லே. ஆசுபத்திரிக்குக் காலையில போனா திரும்ப சாயங்காலம் ஆவும். ஒரு நாள் கூலி போச்சுன்னா அந்த வாரமே போச்சு சார்.”

அவள் கூலி ஒரு நாளைக்கு 500 ரூபாய். உள்ளே ஒரு நாற்காலியின் விலை 3,000. அதாவது நாங்கள் சாப்பிட்ட ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அவளைப் போன்ற ஆறு பெண்கள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுக் கவலையில்லாமல் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்திருக்கலாம். கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். பி.யூ.சி.யோடு படிப்பை நிறுத்திக்கொண்டவன். இருந்தாலும் இந்தக் கணக்குப் போடுவதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

மறுநாள் காலை நாங்கள் ஆறு பேரும் உட்கார்ந்து வேறொரு கணக்குப் போட்டோம். வரவு 4,50,000. ஹாலும் சாப்பாடும் 2,10,000. மேடை, விளக்கு, பூ 48,000. இன்னிசை 60,000. சால்வையும் கேடயமும் 27,000. அச்சு, பதாகை, போட்டோ 33,000. பிரமுகரின் காரும் அறையும் 20,000. மிச்சம் 52,000.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், “இதை எப்படி ஐயா வெளியிலே சொல்வது? ஆளுக்கு எட்டாயிரம் போட்டு ஒரு லட்சமாக்கிவிடுவோம்” என்றார். போட்டோம். பத்து நிமிஷத்தில் 48,000 சேர்ந்துவிட்டது. அந்தப் பத்து நிமிஷத்தில் பாட்டு இல்லை, சால்வை இல்லை, பிரமுகர் இல்லை. ஆளுக்கு ஒரு டம்ளர் காபி. அவ்வளவுதான்!

“விருந்து வைக்காவிட்டால் யார் ஐயா கொடுப்பார்கள்?” என்று கேட்கிறவர்களுக்கு என்னுடைய பதில் அந்தக் காபிதான். மனிதனுக்குக் கொடுக்கும் மனம் இருக்கிறது. வெட்கம் வந்தால் அது இன்னும் சீக்கிரம் வருகிறது. அதை நாம்தான் பிரியாணிக்கு அடியில் புதைத்து வைக்கிறோம். தர்மத்துக்கென்று வாங்கிய காசைத் தானே சாப்பிட்டுவிட்டு, எலும்பை தர்மத்துக்குப் போடுவதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘சேவை’.

நான் நிதி திரட்டுவதற்கு விரோதி அல்ல. 1923-ல் உடன்பிறந்த சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அந்தத் துக்கத்தை முப்பது வருஷம் சுமந்தார். இந்திய மாதர் சங்கத்தின் மூலமாக நிதி திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18-ஆம் தேதி அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி திறந்தது. அன்று அங்கே இருந்தவை பன்னிரண்டே படுக்கைகள். அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 2021 ஜனவரியில் கண்மூடும் வரை சாந்தா அம்மையார் அந்த வளாகத்தை விட்டு வேறு வீடு தேடவில்லை. கொடுத்த காசு இப்படிப்பட்ட கைகளுக்கு முழுசாகப் போய்ச் சேர வேண்டாமா என்பதுதான் என் கேள்வி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆராய்ச்சி என்றதும் நம் கண் முன்னே வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குழாயும்தான் நிற்கின்றன. அதுவும் உண்டு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஒரு வைரஸ் காரணம் என்று கண்டு சொன்னதற்காக ஜெர்மனியின் ஹரால்ட் ஸூர் ஹவுசன் 2008-ல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் உலகமே திரும்பிப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று நம் திண்டுக்கல் ஜில்லாவில் நடந்தது. எங்கள் விருந்தில் அதை யாரும் சொல்லவில்லை. ஒருவேளை அந்த டாக்டரின் ஐந்தாவது நிமிஷத்தில் அது வந்திருக்கலாம்!

2000-ஆம் வருஷம் தொடங்கியது அது. முப்பது முதல் ஐம்பத்தொன்பது வயது வரையுள்ள கிராமத்துப் பெண்கள் 49,000-க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. வினிகரில் இருக்கிறதே, அந்த அமிலத்தைத் தண்ணீரில் கலந்து கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்து, பயிற்சி பெற்ற நர்ஸ் பார்ப்பாள். கோளாறு இருக்கும் இடம் வெளுத்துத் தெரியும். உடனே சிகிச்சை. ஏழு வருஷத்தில், அழைக்கப்படாத ஊர்களோடு ஒப்பிட்டால், அழைக்கப்பட்ட ஊர்களில் இந்த நோயினால் வந்த மரணம் 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் லண்டனிலிருந்து வரும் ‘லான்செட்’ பத்திரிகையில் முடிவு வெளியாயிற்று.

அதே ஆராய்ச்சியில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அழைத்த 49,000 பேரில் வந்தவர்கள் சுமார் 31,000 பேர். வராதவர்கள் 18,000 பேர். அவர்கள் ஒவ்வொருவரும் ஏன் வரவில்லை என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் எங்கள் சமையற்கட்டில் அண்டா தேய்த்தவள் ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியும். அவள் சொல்லிவிட்டாள்.

ஆக, வழி கண்டுபிடித்தாகிவிட்டது. அரசாங்க ஆஸ்பத்திரியில் அந்தப் பரிசோதனைக்குக் காசும் கேட்பதில்லை. குறைவது ஒரு நாள். அந்த ஒரு நாள் யார் கையில் இருக்கிறது? அன்று எங்கள் விருந்தில் முன்வரிசையில் அமர்ந்திருந்தவர்களின் கையில்தான் இருக்கிறது. ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்யும் ஊர் இது. ஆராய்ச்சிக்கு 3,000 ரூபாய் கொடுத்துச் சால்வை வாங்கிக்கொள்ளுகிறவர், தன் பட்டறையில் பிளாஸ்டிக் உரிக்கும் பெண் ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்த நாளைக் கூலியில் பிடித்துக்கொள்ளுகிறார். இது என்ன நியாயம், ஐயா? வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள். இங்கே இடது கை பறிப்பது வலது கைக்குத் தெரிவதில்லை.

பிறரைச் சொல்லுவானேன்? என் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாள் ஏழு வருஷமாக வருகிறாள். அவள் வராத நாட்களை என் மனைவி காலண்டரில் வட்டம் போட்டு வைப்பாள். மாதக் கடைசியில் நான் கழித்துக் கொடுப்பேன். அந்த வட்டங்களில் எது காய்ச்சல், எது பயம் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. இந்த மாதம் காலண்டரில் வட்டம் இல்லை. என் மனைவியே அவளையும், விருந்தன்று பார்த்த அந்த அம்மாளையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனாள். இருவருக்கும் அன்றைய கூலியை நாங்கள் கொடுத்தோம். ஒருத்திக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். இன்னொருத்தியின் சதைத் துணுக்கைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை.

அடுத்த வருஷமும் நிதி திரட்டுவோம், அதில் சந்தேகமில்லை. டிக்கெட் அதே 3,000 ரூபாய்தான். மேடை இல்லை, பாட்டு இல்லை, பீடா இல்லை. டாக்டர் தமக்கு வேண்டிய மட்டும் பேசுவார். வாசலில் ஒரு நோட்டு இருக்கும்: உங்களிடம் வேலை செய்யும் பெண்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்குப் பரிசோதனைக்காகச் சம்பளத்தோடு ஒரு நாள் லீவு கொடுத்தீர்கள் என்று அதில் எழுதிவிட்டு உள்ளே வரலாம்.

தயவுசெய்து எல்லோரும் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.