தண்ணீரை அறிந்த பிள்ளைகள் குசினியில் நிற்கிறார்கள்



தவணை விடுமுறை விட்டதிலிருந்து பேஸ்புக் முழுக்க எல்லதான். ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் வரும் வீடியோ, தேயிலை மலையைப் பார்த்தபடி நீச்சல் தடாகம், பல்கனியில் தேநீர்க் கோப்பையோடு ஒரு செல்பி, மறுநாள் இராவணா எல்லவில் நனைந்த உடுப்போடு இன்னொரு செல்பி. கொழும்பிலிருந்தும் அக்குறணையிலிருந்தும் காத்தான்குடியிலிருந்தும் சொந்தக்காரர்கள் போன் போட்டு, "சேர், நல்ல ரூம் ஒண்டு பாத்துச் சொல்லுங்களேன்" என்கிறார்கள். சொல்கிறோம். வர வேண்டாம் என்று சொல்ல நாங்கள் யார்? அல்லாஹ்வின் பூமியைச் சுற்றிப் பார்ப்பது நல்ல காரியம். வருஷம் முழுக்க உழைத்தவர் பிள்ளை குட்டிகளோடு இரண்டு நாள் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் பண்டாரவளைப் பக்கத்தில் தமிழ்மொழி மூலம் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு இந்தப் படங்களைப் பார்க்கும்போது வேறொன்று ஞாபகம் வருகிறது. அந்தப் படங்களில் விழாத இடம் ஒன்று இருக்கிறது: குசினிக்குப் பின்பக்கம். எங்களிடம் சாதாரண தரம் வரைக்கும் படித்த பிள்ளைகள் அங்கேதான் நிற்கிறார்கள். முஸ்லிம் பிள்ளைகளும் இருக்கிறார்கள், தோட்டத்துப் பிள்ளைகள் அதைவிட அதிகம். பாத்திரம் கழுவுகிறார்கள், பயணப் பைகளைப் படியேற்றுகிறார்கள், படுக்கை விரிக்கிறார்கள். சம்பளம் கைக்கு வருகிறது. நியமனக் கடிதம் இல்லை, ஈ.பி.எஃப். இல்லை, சீசன் முடிந்தால் "பிறகு சொல்றம்" என்று அனுப்பிவிடுகிறார்கள். வழியில் கண்டால் "சேர், சும்மா இருக்கிறத விட இது பரவாயில்ல" என்கிறார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது?

எல்லவில் விற்பனைக்கு இருப்பது என்ன என்று யோசித்துப் பாருங்கள். கட்டில், மெத்தை எந்த ஊரிலும் கிடைக்கும். இங்கே காசு கொடுப்பது காட்சிக்கு. தான் நிற்கும் தேயிலைத் தோட்டத்தின் ஏக்கர்க் கணக்கையே '98 ஏக்கர்ஸ்' என்று பெயராக வைத்துக்கொண்ட விடுதி எங்கள் ஊரில் இருக்கிறது. அந்தப் பச்சையை அப்படி வரிசை வரிசையாக வைத்திருப்பது கவ்வாத்து வெட்டிய கைகளும் கொழுந்து எடுத்த கைகளும்தான். 2026 வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1550 ரூபாய், வருகைக் கொடுப்பனவு 200 ரூபாய், ஆக மொத்தம் 1750 என்று அறிவித்தார்கள். மாதத்தில் 25 நாள் பெயர் விழுந்தால் 43,750 ரூபாய். எல்லவில் ஒரே இரவுக்கு அதைவிடக் கூடுதலாக வாங்கும் அறைகள் இருக்கின்றன. அறை எடுப்பவரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்தக் காசில் அந்த மலையில் பிறந்த பிள்ளைக்கு ஒரு பங்கு, மரியாதையான வழியில் போக வேண்டும் என்பதற்காக எழுதுகிறோம்.

மரியாதையான வழி என்று நாங்கள் சொல்வது என்ன? நீர்வீழ்ச்சியைப் பற்றிப் பேசினால் அது புரியும்.

'எல்ல' என்ற சிங்களச் சொல்லின் பொருளே நீர்வீழ்ச்சிதான். எங்கள் மாகாணத்தில் அதற்குக் குறைவே இல்லை. பதுளைக்குப் பக்கத்தில் துன்ஹிந்த, 64 மீற்றர். ஹல்துமுல்லப் பக்கம் நாட்டிலேயே மிக உயரமான பம்பரகந்த, 263 மீற்றர். கொஸ்லந்தைக்கு அருகில் தியலும, 220 மீற்றர். இவற்றோடு பார்த்தால் இராவணா எல்ல சின்னது, 25 மீற்றர்தான். ஆனால் வெல்லவாய வீதி ஓரத்திலேயே இருப்பதால் வேனை நிறுத்திய கையோடு இறங்கிவிடலாம். அதுதான் ஆபத்தும். எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. அதற்குக் கீழே நின்றே படம் எடுத்துவிட்டு மேலே பாறைக்கு ஏறுகிறார்கள். அங்கே வழுக்கி விழுந்தும் நீரில் மூழ்கியும் போன உயிர்கள் ஒன்றிரண்டல்ல. பெருநாள் விடுமுறையில் வெளியூர் இளைஞர்கள் கூட்டமாக வரும்போது எங்களுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும்.

வெளியூர்க்காரருக்குத் தெரியாதது இதுதான்: அருவியடியில் வெயில் அடிப்பதற்கு அர்த்தம் மேலே மழை இல்லை என்பதல்ல. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலை பளிச்சென்று இருக்கும், பின்னேரம் மலைக்கு மேலே இடியோடு கொட்டும். அந்தத் தண்ணீர் இறங்கி வர அதிக நேரம் எடுக்காது. ஆற்றோரத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இது பாடப்புத்தகம் இல்லாமலே தெரியும். தெளிந்த தண்ணீர் பால் தேநீர் நிறத்துக்கு மாறுகிறதா, இலையும் சுள்ளியும் மிதந்து வருகிறதா, சத்தம் கனக்கிறதா என்று பார்த்தே "ஏறுங்க, ஏறுங்க" என்பான். வெளுத்த பாறையில் கால் வைக்கலாம், கறுத்துப் பளபளக்கும் பாறை பாசி பிடித்தது என்பது அவனுக்குத் தெரியும். தியலுமவின் உச்சியில், 220 மீற்றர் விழுவதற்குச் சற்று முன்னால், இயற்கையாக அமைந்த தடாகங்கள் இருக்கின்றன. வெள்ளைக்காரர்கள் குளிக்கும் படங்களைப் பார்த்துவிட்டு எங்கள் பையன்களும் பூனாகலைப் பக்கத்தால் அங்கே போகிறார்கள். எந்தத் தடாகத்தில் இறங்கலாம், எதில் இழுவை இருக்கிறது என்று சொல்ல அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் கூட இருந்தால் போதும்.

மலையை அறிவது எங்கள் சனங்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, அதே கொஸ்லந்தைப் பக்கத்து மீரியபெத்த தோட்டத்தில் லயன்களோடு மனிதர்களை மண் மூடியது. அது ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது, ஆனாலும் சனங்கள் அங்கேயேதான் இருந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இந்த மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதை இன்னும் கண் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு இரண்டு மாதத்துக்கும் மேல் முன்னால், செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, எல்லவுக்குச் சுற்றுலா வந்து திரும்பிய தங்காலை நகர சபை ஊழியர்களின் பஸ் வெல்லவாய வீதியில் பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் மரணித்தார்கள். இரவில் அந்த இறக்கம் எப்படி என்று இங்குள்ள எந்தச் சாரதியைக் கேட்டாலும் சொல்வார். கேட்பதற்கு யாராவது வேண்டுமே.

ஆக, இந்தப் பிள்ளைகளின் தலைக்குள் இருக்கும் அறிவுக்கு விலை இருக்கிறது, ஆனால் யாரும் கொடுப்பதில்லை. பாத்திரம் கழுவத்தான் கூப்பிடுகிறார்கள். இதை மாற்ற புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழிகாட்டிகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. நாடு முழுக்கப் போகும் தேசிய வழிகாட்டி மட்டுமல்ல, ஒரு பிரதேசத்துக்கு மட்டுமான வழிகாட்டி, ஓர் இடத்துக்கு மட்டுமான வழிகாட்டி என்ற வகைகளும் அதில் உண்டு. எங்கள் பிள்ளைகளுக்காகவே வைத்தது போன்ற வகைகள் இவை. சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகத்தின் பாடசாலை ஒன்று பண்டாரவளையிலேயே இருக்கிறது. எல்லவிலிருந்து பஸ் ஏறினால் அரை மணித்தியாலம் சொச்சம். சமையல், உணவு பரிமாறல், வரவேற்பறை, அறைப் பராமரிப்பு என்று எல்லாம் முறையாகக் கற்றுக் கொடுக்கிறார்கள். பின்வாசலால் போகும் பிள்ளைக்கும் இங்கே படித்து முன்வாசலால் போகும் பிள்ளைக்கும் முதல் மாதச் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லாமல் இருக்கலாம். ஐந்து வருஷம் கழித்துப் பாருங்கள்.

இதைப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். "ஹோட்டல் வேலைக்கா சேர் இவ்வளவு படிக்க வெச்சம்?" என்று ஒரு வாப்பா எழும்புவார். மகன் ஏற்கனவே ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவுகிறான் என்பதை அவர் அந்த நேரம் ஞாபகப்படுத்திக்கொள்ள மாட்டார். படிக்காமல் போனால் அது கஷ்டம், படித்துப் போனால் அது வெட்கம்! இந்தக் கணக்கு எங்களுக்கு விளங்கவில்லை.

ஹராம், ஹலால் கேள்வி வேறு. அதை நாங்கள் லேசாக எடுக்கவில்லை. மதுபானம் பரிமாறும் வேலைக்குப் போகச் சொல்லி எந்தப் பிள்ளைக்கும் சொல்லவும் இல்லை. ஆனால் அதற்காக முழுத் துறையையும் மூடிவைத்தால், மூடிய கதவுக்குப் பின்னால் பிள்ளை ஒளிந்து போகிறான், அங்கே எந்த வேலை கொடுக்கிறார்களோ அதைச் செய்கிறான். வழிகாட்டியாக மலையில் நடப்பவன் யாருக்கும் எதையும் ஊற்றிக் கொடுக்கத் தேவையில்லை. கணக்குப் பிரிவு, முன்பதிவு, பேக்கரி இவற்றில் என்ன பிரச்சினை? படித்தவன்தான் "இது செய்வேன், இது செய்ய மாட்டேன்" என்று பேசி வேலைக்குச் சேர முடியும். அரபு நாட்டுக் குடும்பங்கள் வந்தால் தொழுகை நேரமும் கிப்லாவும் ஹலால் சாப்பாடும் கேட்பார்கள். அதைக் கேட்காமலே அறிந்து வைத்திருப்பவன் எங்கள் பிள்ளை. பெண் பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோரின் பயம் நியாயமானது. பகல் நேர வேலை, போக வர வாகனம் என்று விடுதிக்காரர்கள் எழுத்தில் தரட்டும், பிறகு பேசுவோம். கேட்டுப் பார்க்காமலே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

ரூம் கேட்டுப் போன் எடுக்கும் சொந்தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பல்கனிக்கு இவ்வளவு கொடுக்கிறீர்கள். அருவிக்குப் போகும்போது அனுமதிப்பத்திரம் உள்ள உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கேளுங்கள். இல்லை என்றால் "ஏன் இல்லை?" என்று விடுதியில் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு வைத்திருப்பார்கள், வியாபாரம் அப்படித்தான். அவர் இறங்க வேண்டாம் என்று சொன்னால் இறங்காதீர்கள், "காசு குடுத்து வந்தது" என்று பேச வேண்டாம். இரவில் வெல்லவாயப் பக்கம் இறங்காமல் விடிந்த பிறகு, பஜ்ர் தொழுதுவிட்டுக் கிளம்புங்கள்.

சாதாரண தரப் பெறுபேறு வந்த வாரத்துச் சனிக்கிழமை காலை எட்டரைக்கு நாங்கள் பாடசாலையில் இருப்போம். பண்டாரவளைப் பாடசாலைக்கும் வழிகாட்டிப் பயிற்சிக்கும் எப்படி விண்ணப்பிப்பது என்று உட்கார்ந்து நிரப்பித் தருகிறோம். பிறப்புச் சான்றிதழும் பெறுபேற்றுப் பத்திரமும் கொண்டு வாருங்கள். வேறு பாடசாலைப் பிள்ளைகளும் வரலாம். தோட்டத்துத் தாய்மார் காலையில் மலைக்குப் போய்விடுவார்கள் என்பது தெரியும். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு நாலு மணிக்கு வந்தாலும் எங்களில் இரண்டு பேராவது அங்கே இருப்போம், இன்ஷா அல்லாஹ்.