முதலில் தராசு, அப்புறம் பர்ஸ்

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு எடை குறைப்பு என்றால் ஒரு தனி போதை. கார்பன் ஃபைபர் பானெட், அலாய் வீல், லித்தியம் பேட்டரி என்று காசைக் கொட்டுகிறார்கள். வந்த பார்சலை எடை போட்டுப் பார்த்து 'ஆகா, இவ்வளவுதானா!' என்று பூரிக்கிறார்கள். சரி, கழற்றி மூலையில் போட்ட ஒரிஜினல் பாகம் எத்தனை கிலோ? அதைத்தான் பலரும் பார்ப்பதில்லை. கழித்தல் கணக்குக்கு இரண்டு எண்கள் வேண்டும் என்பது இரண்டாம் வகுப்புப் பாடம் ஐயா!

1989-ல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா மியாட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் விற்ற ஆரம்ப மாடலின் மொத்த எடையே சுமார் 940 கிலோ. அதன் பானெட் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அலுமினியம். இரும்புத் தகடு என்று நினைத்துக்கொண்டு ஃபைபர் பானெட் மாட்டுகிறவருக்கு மிச்சமாவது, அவர் மனக்கணக்கைவிட ரொம்பக் குறைவு. அந்த வண்டியோடு வந்த 14 அங்குல அலாய் வீல் ஒன்று சுமார் 5.5 கிலோதான். அதைக் கழற்றிவிட்டுப் பந்தாவுக்காக 16, 17 அங்குல மலிவு வீல் மாட்டினால் நாலு மூலையிலும் எடை கூடும். காசு கொடுத்து பாரம் ஏற்றுகிற கூத்து இது! 2005-ல் வந்த மூன்றாம் தலைமுறையில், உள்ளே இருக்கும் ரியர் வியூ மிரரில்கூட 84 கிராம் குறைத்தது மாஸ்டா. கம்பெனிக்காரனே கிராம் கிராமாகச் செதுக்கிய வண்டியில், கண்ணால் பார்த்தே கிலோக்களைக் கண்டுபிடிக்க முடியுமா?

'சக்கரத்தில் 1 கிலோ குறைத்தால் காரில் 10 கிலோ குறைத்த மாதிரி' என்று ஒரு வேதவாக்கு வேறு உலவுகிறது. வேகமெடுப்பதைப் பொறுத்தவரை பிளஸ் டூ இயற்பியலே இதற்குப் போதும். எடை முழுவதும் டயரின் வெளி விளிம்பிலேயே இருந்தால்கூட 1 கிலோ 2 கிலோவுக்குத்தான் சமம். ரிம் அதைவிட உள்ளே இருப்பதால் பலன் இன்னும் குறைவு. சக்கரம் லேசானால் மேடு பள்ளத்தில் டயர் தரையை நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது வேறு கணக்கு, 10 மடங்குக் கணக்கு அல்ல.

'எடையெல்லாம் எதற்கு, ஓட்டினாலே தெரியுமே' என்பார்கள். அந்த மியாட்டாவின் டேங்க் 45 லிட்டர். நிரம்பிய டேங்குக்கும் காலி டேங்குக்கும் 30 கிலோவுக்கு மேல் வித்தியாசம். பெட்ரோல் போட்ட அன்றைக்கு அந்த 30 கிலோ தெரியாதவருக்கு, புது பாகத்தில் குறைந்த 2 கிலோ மட்டும் எப்படித் தெரிகிறது? தெரிவது எடை அல்ல, கிரெடிட் கார்டு பில்!

உண்மையில் எடை எங்கே ஒளிந்திருக்கிறது? 1972-ல் அறிமுகமான போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7 நல்ல பதில். அதன் டூரிங் மாடல் 1075 கிலோ, லேசான ஸ்போர்ட் மாடல் 960 கிலோ. 115 கிலோ வித்தியாசம்! பின்சீட், தரைவிரிப்பு, கடிகாரம் எல்லாம் போயின. கதவை இழுக்க வெறும் பட்டை. கண்ணாடி மெல்லியது. அடிப்படை விலைக்கு மேல் ஸ்போர்ட்டுக்கு 700 மார்க், டூரிங்குக்கு 2500 மார்க். லேசான வண்டிதான் விலையும் குறைவு! இன்றைக்குத்தான் எடுத்ததற்கும் சேர்த்துக் காசு கேட்கிறார்கள்.

அதற்காகக் கண்டதையெல்லாம் கழற்றி எறியவும் கூடாது. ஒரு பாகம் எவ்வளவு கனம் என்றுதான் தராசு சொல்லும், எதற்காக இருக்கிறது என்று சொல்லாது. ஏர்பேக்கும் கதவுக்குள் இருக்கும் பாதுகாப்புக் கம்பியும் கனம்தான். ஆனால் அவை அங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. எடைப் பட்டியலில் அவற்றை முதலிலேயே அடித்துவிட வேண்டும்.

பெரிய செலவும் இல்லை. பாகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டு எடை மெஷினில் ஏறி நின்று, தன் எடையைக் கழித்தால் போதும். சின்னப் பாகங்களுக்குச் சமையலறைத் தராசு. சீட், ஸ்பேர் வீல், பேட்டரி, கார்பெட் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதி வைத்தால், எதற்குக் காசு செலவழிக்கலாம், எதற்குக் கூடாது என்று அந்தக் காகிதமே சொல்லிவிடும். ஒரு கிலோ குறைக்க எவ்வளவு ரூபாய் என்று பக்கத்திலேயே வகுத்தும் பார்க்கலாம்.

இனி 'லைட் வெயிட்' என்று யாராவது விற்க வந்தால் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "பழசு எத்தனை கிலோ?" பதில் வரவில்லையா? பர்ஸை மூடிவிடுங்கள்.