குந்தவைக்குத் தெரியாத மிளகாய்: பொ.செ. 2-க்கு வீட்டுப் பலகாரம்

2023 ஏப்ரல் 28, வெள்ளிக்கிழமை, ‘பொன்னியின் செல்வன் 2’ ரிலீஸ் ஆனது. பிள்ளைகளுக்கும் முழுப் பரீட்சை முடிகிற நேரம் என்பதால் பல வீடுகளில் அதற்கு முன்பே “எத்தனை டிக்கெட்?” பேச்சு ஆரம்பித்திருந்தது. திண்டிவனம் - மரக்காணம் சாலையில் இருக்கிற எங்கள் பெருமுக்கல்லிலும் அதே கதைதான். சித்தப்பா வீடு, அத்தை வீடு, ஆயா என்று ஒன்பது பேர் ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போவதாகத் திட்டம். இந்த முறை டிக்கெட்டைவிடப் பெரிய விவாதம், என்ன சாப்பிடுவது என்பதுதான்.

காரணம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் முதல் பாகத்துக்குப் போனபோது, ஒரு தியேட்டர் வாசலில் சித்தியின் பையைத் திறந்து பார்த்து முறுக்கு டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே ஒன்பது பேருக்கும் பாப்கார்ன் வாங்குவது என்றால், டிக்கெட் செலவை அது தாண்டிவிடும். பிள்ளைகள் ஒரு டப்பாவுக்கு அடித்துக்கொண்டார்கள். ஆயா சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும். பாதிப் படத்தில் வந்தியத்தேவனைப் பார்ப்பதா, ஆயாவைப் பார்ப்பதா என்று ஆகிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? 2023 ஜனவரி 3-ம் தேதி உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. வெளி உணவு வேண்டாம் என்று சொல்லும் உரிமை தியேட்டர்காரர்களுக்கு உண்டு. ஆனால் சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும். கைக்குழந்தைக்குப் பெற்றோர் அளவாக உணவு கொண்டுபோகலாம். எனவே வாசலில் சண்டை போட்டுப் பயனில்லை, தண்ணீரை மட்டும் தைரியமாகக் கேளுங்கள். சர்க்கரை நோயாளி கூட வந்தால் டிக்கெட் போடும்போதே மேனேஜரிடம் போனில் பேசிவிடுவது நல்லது. சின்னதாக ஏதாவது கையில் வைத்துக்கொள்ள அனுமதிப்பார்களா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம்.

அதனால் எங்கள் வீட்டுத் திட்டம் இது: படத்துக்கு முன்னால் வீட்டில் கொஞ்சம், வேனில் கொஞ்சம், படம் முடிந்து திரும்பி வரும்போது மலையடிவாரத்தில் மீதி. தியேட்டருக்குள் எதுவும் இல்லை. படம் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேரம்; வயிறு நிறைந்திருந்தால் யாரும் இடைவேளையில் கவுன்ட்டர் பக்கம் பார்க்க மாட்டார்கள்.

சரி, சோழர் படத்துக்குச் சோழர் பலகாரம் என்றால் என்ன செய்வது? கேக்கில் புலி பொம்மை வைப்பது, சிப்ஸ் பாக்கெட்டில் கார்த்தி படம் ஒட்டுவது எல்லாம் எனக்குப் பிடிக்கவில்லை. வேறு ஒரு விளையாட்டு யோசித்தோம். ராஜராஜன் ஆண்டது 985 முதல் 1014 வரை. வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்கு வந்து இறங்கியது 1498-ல். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. ஐரோப்பியக் கப்பல்கள் வந்த பிறகே நம் அடுப்படிக்கு வந்தவை. அவ்வளவு ஏன், பாப்கார்னுக்கான மக்காச்சோளமும் அப்படித்தான். ஆகவே விதி: குந்தவைக்குத் தெரியாத எதையும் போடக் கூடாது!

இதைச் சொன்னதும் சித்தி, “அப்புறம் என்னதான் இருக்கு?” என்று கேட்டார். நிறைய இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் சுவாமி படையலுக்கான சாமான் கணக்கே வெட்டி வைத்திருக்கிறார்கள்: அரிசி, நெய், பருப்பு, மிளகு, கடுகு, சீரகம், சர்க்கரை, தயிர், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு. இன்றைய மளிகை லிஸ்ட் போலவே இருக்கும். எங்கள் ஊர் மலை மேலிருக்கும் சிவன் கோயிலிலும் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. அத்தை பையன் அதில் விளையாட்டாகச் சாய்ந்து எத்தனையோ போட்டோ எடுத்திருக்கிறான், இப்போதுதான் “அது அவங்க காலத்துதா?” என்று கேட்கிறான்.

முதல் அயிட்டம், சோழனுக்குச் சோளப்பொரி. மக்காச்சோளம் இல்லை, நம் வெள்ளைச் சோளம். ஒரு கப் சோளத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசறி, பத்து நிமிஷம் வையுங்கள். அடிகனமான இரும்புச் சட்டி நன்றாகக் காய்ந்ததும் ஒரு கைப்பிடி மட்டும் போட்டு மூடி, சட்டியை ஆட்டிக்கொண்டே இருங்கள். பாப்கார்னின் குட்டித் தம்பி மாதிரி பூக்கும். எல்லாம் பொரியாது, மீதியைச் சலித்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பல்லுக்குச் சேதாரம். ஒரு ஸ்பூன் நெய்யில் கறிவேப்பிலை, அரை ஸ்பூன் மிளகுத்தூள், உப்பு போட்டுப் பொரியைப் புரட்டினால் முடிந்தது. சோளம் கிடைக்காதவர்களுக்குக் கடைப் பொரியே போதும். பனையோலைக் கொட்டானில் போட்டுக் கொடுத்தால் பூங்குழலியின் படகு என்று சொல்லிச் சமாளிக்கலாம். நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு மட்டும் பொரி வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

இரண்டாவது, பழுவேட்டரையர் உருண்டை. கதையில் பழுவூர்க் கொடியில் பனைமரம் இருக்கும், நந்தினி கொடுக்கும் மோதிரத்திலும் பனை இலச்சினைதான். எங்கள் பக்கம் பனைக்குப் பஞ்சமா? ஒரு கப் கறுப்பு எள்ளைக் கல் போகக் கழுவி, உலர்த்தி, படபடவென்று வெடிக்கும்வரை வறுத்து ஆறவிடுங்கள். முக்கால் கப் பொடித்த பனைவெல்லம், கொஞ்சம் ஏலக்காய் சேர்த்து மிக்ஸியில் இரண்டே சுற்று. அதற்கு மேல் ஓடவிட்டால் எண்ணெய் பிரிந்துவிடும். சூட்டோடு பிடித்தால் பன்னிரண்டு உருண்டை வரும். பனைவெல்லம் சர்க்கரை நோய்க்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு ஆயாக்களுக்கு இரண்டு மூன்று கொடுத்துவிடாதீர்கள். அதுவும் சர்க்கரைதான். எங்கள் ஆயாவுக்கு வேகவைத்த பச்சைப்பயறுச் சுண்டல், வேனில் ஏறுவதற்கு முன்பே.

மூன்றாவதுதான் முக்கியமான சாப்பாடு: மிளகுப் புளியோதரை. ஏப்ரல் வெயிலில், மூடி நிறுத்திய வேனுக்குள் தேங்காய் சாதமும் தயிர்சாதமும் தாங்காது. புளியும் நல்லெண்ணெயும் தாங்கும். இரண்டு ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் தனியா, அரை ஸ்பூன் வெந்தயம், ஒரு ஸ்பூன் எள் வறுத்துப் பொடியுங்கள். நான்கு ஸ்பூன் நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, உளுந்து, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, பெரிய எலுமிச்சை அளவுப் புளியின் கரைசல், மஞ்சள், உப்பு சேர்த்து எண்ணெய் மேலே மிதக்கும்வரை கொதிக்கவிடுங்கள். பொடியைத் தூவி இறக்கி, இரண்டு கப் அரிசி வடித்த சாதத்தில், சாதம் நன்றாக ஆறிய பிறகு கிளறுங்கள். நிலக்கடலை போடத்தான் கை போகும். போடாதீர்கள்! சனிக்கிழமை ராத்திரி சித்தி ஒத்திகை பார்த்தார். காரம் நாக்கின் நுனியில் இல்லாமல் தொண்டைப் பக்கம் ஏறியது. சித்தப்பா இரண்டாவது தட்டு கேட்டார். அத்தை பையன் மட்டும் சிப்ஸ் வேண்டும் என்று இன்னும் அடம்பிடிக்கிறான், அவனுக்கு வாழைக்காய் வறுவல் போட்டு மிளகுத்தூள் தூவுவதாக உத்தேசம்.

ஆயா இந்தக் கதையைத் தொடராக ‘கல்கி’யில் படித்தவர். 1950-ல் ஆரம்பித்து மூன்றரை வருஷம் வந்ததாம், பக்கத்து வீட்டுக்கு வரும் பத்திரிகைக்காக வாசலிலேயே உட்கார்ந்திருப்பாராம். “அப்பல்லாம் டூரிங் கொட்டாய்ல மணல்ல குந்திக்கினு, பொரி உருண்டையை மடியில கட்டிக்கினு போவோம். எவன் கேட்டான்?” என்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்கு அவர் போட்ட ஒரே நிபந்தனை, ஆதித்த கரிகாலன் சாகிற இடத்தில் யாரும் எழுந்து போகக் கூடாது என்பது. அதனால்தான் பானகத்தைப் படத்துக்கு முன்னால் கொடுக்காமல், கூஜாவில் ஊற்றித் திரும்பும் வழிக்கு வைத்திருக்கிறோம்.