விடுமுறையில் தங்கும் அறையும் நம் வீடுதான்



டோரேமானையும் சின்சானையும் தமிழிலேயே கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகள், ஜப்பானுக்குச் சுற்றுலா என்றதும் அனிமே உருவங்கள் நிறைந்த விடுதி அறையில்தான் தங்க வேண்டும் என அடம்பிடிக்கின்றனர். பெற்றோரும் "பிள்ளைகளுக்காகத்தானே" என்று கூடுதல் கட்டணம் செலுத்தி முன்பதிவு செய்துவிடுகின்றனர். அந்த "பிள்ளைகளுக்காக" என்னும் சொல்லையே நாம் இங்குக் கேள்விக்கு உட்படுத்துகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துவோம். பயணம் மார்க்கத்துக்குப் புறம்பானதன்று. பூமியில் சுற்றிப் பார்த்துப் படிப்பினை பெறுமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் தூண்டுகிறது. பிள்ளைகளின் விளையாட்டும் புறம்பானதன்று. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் சிறகுள்ள குதிரைப் பொம்மை இருந்ததையும், அதுபற்றி அவர்கள் சொன்ன பதிலைக் கேட்டு நபி (ஸல்) அவர்கள் சிரித்ததையும் அபூதாவூத் கிரந்தத்தில் காண்கிறோம். ஆகவே, பிள்ளையின் கையிலுள்ள பொம்மையைப் பிடுங்கச் சொல்லி நாம் எழுதவில்லை. நம் வாதம் பொம்மையைப் பற்றியதன்று, அறையைப் பற்றியது.

அந்த அறைகள் எத்தகையவை? டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா நகரங்களிலுள்ள மிமாரு விடுதிகளில் 2019 முதல் போக்கிமான் அறைகள் உள்ளன. சுவரில் அவ்வுருவங்கள், படுக்கையில் ஸ்நோர்லாக்ஸ் என்னும் பெரிய பொம்மை. ஷிஞ்ஜுகுவிலுள்ள கெய்யோ பிளாசாவில் ஹலோ கிட்டி அறைகள். டோக்கியோவை அடுத்த டொகொரொசாவாவில், கடோகாவா பதிப்பு நிறுவனத்தின் சகுரா டவுன் வளாகத்தில், அனிமேக்கென்றே ஒரு விடுதி 2020இல் திறக்கப்பட்டது. அதே வளாகத்தில் ஒரு ஷிண்டோ ஆலயமும் எழுப்பப்பட்டுள்ளது.

அனிமே கதைகள் நிகழும் இடங்களைத் தேடிச் செல்வதை ஜப்பானிய ரசிகர்கள் "செய்ச்சி ஜுன்ரெய்" என்கின்றனர். புனிதத் தல யாத்திரை என்பது அதன் பொருள். அங்குள்ள அனிமே சுற்றுலாச் சங்கம் தேர்ந்தெடுத்து அறிவிக்கும் இடங்களுக்கு 88 என்று பெயர். ஷிகோகு தீவின் 88 பௌத்த ஆலய யாத்திரையை நினைவூட்டும் எண் அது. புகழ்பெற்ற "ஸ்பிரிட்டட் அவே" (2001) திரைப்படம், தெய்வங்களும் ஆவிகளும் நீராட வரும் குளியல் விடுதியில் நடக்கும் கதை. அம்மக்களையோ அவர்களின் கலையையோ நாம் இழிவுபடுத்தவில்லை. அவர்களுடைய கதைகளில் அவர்களுடைய நம்பிக்கை கலந்திருப்பது இயல்பே. ஆனால் எது கதை, எது அகீதா என்று நம் பிள்ளைக்குப் பிரித்துச் சொல்லும் பொறுப்பு யாருடையது? விடுதிக்காரருடையதா, நம்முடையதா?

"படத்தை யாரும் வணங்கவில்லையே, வெறும் அலங்காரம்தானே" என்பர் சிலர். உருவப்படமுள்ள வீட்டில் மலக்குமார்கள் நுழைவதில்லை என்ற நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் உள்ளது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் தொங்கிய திரைச்சீலையும் அலங்காரமாகத்தான் இருந்தது. அதிலிருந்த உருவங்கள் தொழுகையில் குறுக்கிடுவதாகக் கூறி, அதை அகற்றுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னதை அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். நபியவர்களின் தொழுகைக்கே இடையூறு என்றால், நம் தொழுகை எம்மாத்திரம்?

கையால் வரையும் படங்கள் குறித்து உலமாக்களிடையே விரிவான கருத்து வேறுபாடுகள் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. எனினும், சுவரில் உயர்த்தி வைக்கப்படும் உருவத்துக்கும் காலில் மிதிபடும் உருவத்துக்கும் ஃபிக்ஹ் நூல்கள் வேறுபாடு காட்டுகின்றன. உருவங்களை உயர்த்திக் காட்டுவதற்காகவே அமைக்கப்பட்ட அறை எந்த வகையைச் சேரும் என்பதை வாசகர்களே சிந்திக்கட்டும். மற்ற விடுதிகளில் ஒரு படம் இருந்தால் துணியால் மறைத்துவிடலாம். இங்கோ அதைப் பார்ப்பதற்கென்றே பணம் கொடுத்திருக்கிறோம்.

டோக்கியோவில் கிப்லா மேற்குக்கும் வடமேற்குக்கும் இடையே அமைகிறது. முஸல்லாவை விரித்தால் எதிரே ஏதோவொரு முகம் சிரித்துக்கொண்டிருக்கும். "வெளியே போகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று தொழுகை தள்ளிப்போகும். பிறகு வக்தே போய்விடும். முஸாஃபிருக்கு நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தந்தவன் அல்லாஹ். அந்த இரண்டு ரக்அத்துக்கும் இடம் ஒதுக்காத அறையை நாமே தேடிப் பிடிப்பது என்ன நியாயம்?

ஏழு வயதில் தொழுமாறு பிள்ளையை ஏவ வேண்டும் என்பது நபிவழி. அந்த வயதுப் பிள்ளை நம் உபதேசத்தைவிட நம் தேர்வுகளையே கூர்ந்து பார்க்கிறது. வீட்டில் மார்க்கம், விடுமுறையில் விடுதலை என்ற பாடத்தை அந்த அறையில் நாமே கற்றுக்கொடுக்கிறோம். மதரஸாவில் ஓராண்டு ஓதிக்கொடுத்ததை அந்த நான்கு இரவுகள் மெல்லக் கரைத்துவிடும்.

மாற்று வழி எளிது. மேற்சொன்ன மிமாரு விடுதிகளிலேயே சமையலறையுடன் கூடிய சாதாரண அறைகள் குடும்பங்களுக்கென்று இருக்கின்றன. ஜப்பானியச் சமையலில் மிரின், சாக்கே ஆகிய மதுவகைகள் சேர்வது வழக்கம். இனிப்புகளில் பன்றி ஜெலட்டினும் இருக்கக்கூடும். ஆகவே, சுவரிலுள்ள உருவத்தைவிட அடுப்பே நமக்கு முதல் தேவை. மிட்டாகாவிலுள்ள ஜிப்லி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வதா என்பதைப் பெற்றோர் தீர்மானிக்கட்டும். பார்த்துவிட்டுத் திரும்புவது வேறு. அதற்குள் குடியிருப்பது வேறு. டோக்கியோ ஜாமிஉ பள்ளிவாசலையும் காட்டுங்கள். 1935இல் இந்திய வணிகர்களின் பங்களிப்போடும் எழுந்து, 1945இன் குண்டுவீச்சையும் 1995இன் நிலநடுக்கத்தையும் கடந்து நிற்கும் கோபே பள்ளிவாசலின் வரலாற்றைச் சொல்லுங்கள். அந்நாட்டில் பிள்ளை கண்டு வியக்க வேண்டியவற்றில் இவையும் அடங்கும்.

பிள்ளை ஒருநாள் அழும், மறுநாள் மறந்துவிடும். தந்தை எந்த அறையைத் தேர்ந்தார், ஏன் தேர்ந்தார் என்பதை மட்டும் மறக்காது.

அல்லாஹ் நம் இல்லங்களையும் பயணங்களையும் தொழுகையால் ஒளிபெறச் செய்வானாக. ஆமீன்.