தில்லி பள்ளிக்கூடக் கண்காட்சியில் நம்ம ரிஜிஸ்டரும் இருக்கணும்

தில்லியில் பள்ளிக்கூடங்கள் வளர்ந்த கதையை ஒரு மியூசியத்தில் கண்காட்சியாக வைத்தால் எதிலிருந்து ஆரம்பிப்பார்கள்? அஜ்மேரி கேட் ஆங்கிலோ அரபிக் பள்ளியிலிருந்துதான். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் மதரஸாவாகத் தொடங்கிய இடம். அப்புறம் மிஷன் பள்ளிகள், 1920-ல் வந்த மாடர்ன் ஸ்கூல், பிரிவினைக்குப் பின் கூடாரங்களில் நடந்த வகுப்புகள். எல்லாம் வேண்டியதுதான். ஆனா, பிழைக்க வந்தவங்க கட்டின பள்ளிகளுக்கும் ஒரு அறை வேணும் என்பது என் கட்சி.

தலைநகரம் தில்லிக்கு மாறும் என்று அறிவித்தது 1911-ல். ஆபீஸ் வேலைக்கு வந்த நம்மவர்கள் 1923-லேயே மதராஸி எஜுகேஷன் அசோசியேஷனை ஆரம்பித்துவிட்டார்கள். புது தில்லி திறப்பு விழாவே 1931-ல்தான்! வெயில் வந்தால் சர்க்காரே சிம்லாவுக்கு மூட்டை கட்டிய காலம் அது. அந்த அமைப்புதான் இன்றைய தில்லித் தமிழ்க் கல்விக் கழகம். லக்ஷ்மிபாய் நகர் உட்பட ஏழு பள்ளிகள். தெலுங்குக்காரர்களுக்கு 1948-ல் ஆந்திரா எஜுகேஷன் சொசைட்டி வந்தது.

சரி, அந்த அறையில் எதை வைப்பது? கோப்பைகளும் தலைவர்கள் படமும் எந்தப் பள்ளியிலும் இருக்கும். என்னைக் கேட்டால் பழைய அட்மிஷன் ரிஜிஸ்டரைத்தான் வைக்கணும். அப்பா வேலை, குவார்ட்டர்ஸ் நம்பர், சேர்ந்த தேதி, டி.சி. வாங்கிய தேதி. அப்பாவுக்கு டிரான்ஸ்ஃபர் வந்ததும் நடுவிலேயே கிளம்பிப் போன பிள்ளைகளின் கதையை ரெண்டு தேதிகளே சொல்லிவிடும்.

இதற்கு இப்ப என்ன அவசரம் என்பீர்கள். லக்ஷ்மிபாய் நகரைச் சுற்றிப் பாருங்க. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் குவார்ட்டர்ஸ்களை இடித்துக் கட்டும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2016-ல் ஒப்புதல் தந்தது. நௌரோஜி நகரில் வீடுகள் இருந்த இடத்தில் இன்று ஆபீஸ் கட்டடங்கள். அந்த விலாசங்கள் இனி காகிதத்தில் மட்டும்தான். காகிதமும் போச்சுன்னா, நாம இங்கே இருந்ததுக்கு என்ன அத்தாட்சி?

ரிஜிஸ்டரில் சொந்த விவரம் இருக்குமே என்றால், பேரை மறைத்துக் காட்டலாம், தப்பில்லை.

மியூசியம்காரர்கள் வந்து கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். பரண்மேல் இருக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய மார்க் ஷீட், குரூப் போட்டோ, டி.சி. நகல் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி வையுங்க. போட்டோவில் இருப்பது யார் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு பின்பக்கம் எழுதுங்க. அவங்க இருக்கும்போதே.